கடைச் சாப்பாட்டில் ஒரு பத்தியம்

மகள் பிறந்து முப்பத்தாறாம் நாள் நாங்கள் வவுனியாவிலிருந்து கொக்குவிலுக்கு வந்தோம். பிள்ளைபெற்ற துடக்குக் கழித்து ஐந்தே நாள். பச்சை உடம்போடும் பச்சைப் பிள்ளையோடும் எங்கே வெளிக்கிடுகிறாய் என்று அயலில் கேட்காதவர்கள் இல்லை. எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான் சொன்னேன். தனிய இருந்து பயப்படுவதைவிட ஆட்களுக்கு நடுவே இருந்து பயப்படலாம்.

இவர், என் கணவர், வீடுகளின் கூரைகளில் சோலார் பூட்டுகிறவர். குடாநாட்டில் இரண்டு கிழமைக்குத் தொடர்ந்து வேலை வந்திருந்தது. என் அம்மா கனடாவில். அங்கே தங்கச்சிக்கும் அதே மாதம்தான் பிள்ளைப்பேறு. இரண்டு மகள்மாருக்கும் ஒரே நேரத்தில் பத்தியம் காய்ச்ச அம்மாவால் இரண்டாகப் பிரிய முடியாது. மாமி, இவருடைய அம்மா, இருந்திருந்தால் பார்த்திருப்பார், அவர் காலமாகி மூன்று வருடம். ஆகவே நானும் மகளும் இவருடைய வான் வண்டியில் ஏறிவிட்டோம். பின்னால் ஏணியும் வயர்ச் சுருளும், முன்னால் நாங்கள்.

பயம் என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். ஒரு மாதத்தில் ஏற வேண்டிய நிறையில் பாதிகூட மகளுக்கு ஏறவில்லை. வவுனியா கிளினிக்கில் குடும்பநல மாது தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். பிள்ளையின் புத்தகத்தில் இருக்கிற வரைபடத்தில் அவர் வைத்த புள்ளி பச்சை நிறத்துக்குக் கீழே போய் விழுந்தது. இன்னும் இரண்டு மூன்று கிழமை பார்ப்போம், எந்த ஊரில் நின்றாலும் அங்கே உள்ள கிளினிக்கில் நிறுத்துப் பாருங்கள், ஏறாவிட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும், பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டியும் வரலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மா கரைத்துக் கொடுப்பது பாவமும் இல்லை. என் கூட்டாளிமார் பலர் அப்படித்தான் வளர்த்தார்கள், அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது மரம் ஏறுகிறார்கள். ஆனாலும் எனக்கு, எனக்கென்று தந்த ஒரேயொரு வேலையில் பெயில் விட்டதுபோல இருந்தது. அந்த 'ஏறாவிட்டால்' வானில் எங்களோடு கூடவே வந்தது.

கொக்குவிலில் எங்களுக்குக் கிடைத்தது மதில் கட்டிய ஒரு வளவுக்குள் தனி அறை. குளியலறை இருந்தது, மின்விசிறி இருந்தது, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தில் இருந்தது. அடுப்பு இல்லை. பத்து மணிக்குப் பிறகு அந்த அறை சூளை. அதனால் இவர் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போய், வேலை நடக்கிற வீட்டுக்குக் கிட்டவுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் இறக்கிவிடுவார். அவர் கூரையில், நாங்கள் கடையில். மூன்று நேரமும் கடைச் சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த கறியும் உள்ளிப்பூண்டும் மிளகும் என்று அடுப்படியே தனியாக நடக்க வேண்டிய நாட்களில், நான் லஞ்ச் சீற் என்கிற பிளாஸ்ரிக் தாளில் சுற்றிய சோற்றுப் பாசலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் காலை கொக்குவில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சைவக்கடை. இடியப்பம், சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு என்று கேட்டேன். வந்தது இடியப்பமும் உள்ளி மிதக்கிற பால் சொதியும். குழம்பு எங்கே என்று பரிமாறியவரைக் கேட்டேன். அவர் என் மடியைக் கண்ணால் காட்டினார். கத்தரிக்காய் கிரந்தி, பிள்ளைக்குத் தோலில் கரப்பன் போடும், அவர் தரமாட்டார். சம்பல் உறைப்பு, அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கடையில் கேட்டதைத் தருவார்கள் என்று நினைக்கிறவர் கையில் பிள்ளை இல்லாதவராக இருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடிய, காசு மேசையில் இருந்த ஐயா எழும்பி வந்து பிள்ளையைச் சுற்றியிருந்த துவாயை ஒரு விரலால் விலத்தி மகளைப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, ஈர்க்குக்குச் சட்டை போட்டுக் கொண்டுவந்திருக்கிறியள்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நானும் அந்த ஐயாவைப் போல ஆட்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள்தானே. பிள்ளையைப் பார்த்து வடிவென்றோ கொழுகொழுவென்றோ சொன்னால் கண்ணூறு நாவூறு பட்டுவிடும் என்று, எங்கள் சனம் பிள்ளையைக் கண்டவுடன் பழிப்புத்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக் குண்டுப் பிள்ளையை நானே 'தேவாங்கு' என்று கொஞ்சியிருக்கிறேன். ஆட்கள் சொல்வதை மனத்தில் முடிந்து வைக்கிற பழக்கமும் எனக்கு உண்டு. ஈர்க்குக்குச் சட்டை என்பதை இவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று முடிந்து வைத்தேன்.

வானில் ஏறிய பிறகு சொன்னேன். சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் காங்கேசன்துறை. கப்பலுக்கு வந்தவர்கள் பயணப் பைகளோடு குந்தியிருந்த ஒரு தேத்தண்ணிக் கடை. கடல் காற்று உப்போடு முகத்தில் ஒட்டியது. நான் குளிர்ந்த சர்பத் கேட்டேன். கடைக்கார அண்ணை அதை இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு எனக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் தட்டுகளைக் கையாலே பிடித்து நிறுத்திக் கயிற்றால் கட்டினார். சுவிச் பழுது, நிறுத்த வேறு வழி இல்லையாம். பிள்ளைக்குக் காற்று அடிக்கக் கூடாதாம். வியர்வையில் நனைந்த சனம் முழுக்க என்னைப் பார்த்தது, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் பால் கொடுக்க இடம் தேடுவதைக் கண்டு, கோதுமை மா மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்கு முன்னால் உடுக்கிற சாரம் ஒன்றைக் கட்டி மறைத்துத் தந்தார். அவ்வளவு செய்த மனுசன், நாங்கள் வெளிக்கிடும்போது மகளைப் பார்த்து, "எலிக்குஞ்சு, போயிட்டு வாறன் எண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

இன்னோர் ஊர், ஐஸ்கிறீம் கடை. ஐஸ்கிறீம் எனக்கில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தந்த பெண், இது பிள்ளையோ முருங்கைக்காயோ என்று கேட்டாள். வேறொரு பேக்கரியில் ஒரு வயது போன மனிதர் மகளை அரைப் பணிஸ் என்றார், முழுப் பணிசுக்குக்கூட ஆள் காணாதாம்.

அவர்கள் தந்ததை இப்போது நினைத்தால் ஒவ்வொன்றும் கண் முன்னால் நிற்கிறது. இஞ்சிப் பிளேன்ரீ, சுடுதண்ணீர், சாரத்து மறைப்பு, கேட்காமலே வந்த உள்ளிச் சொதி. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சொற்கள்தான். ஈர்க்கு, எலிக்குஞ்சு, முருங்கைக்காய், அரைப் பணிஸ். வழக்கம் எனக்குத் தெரியும், ஆனால் தராசில் வைத்த புள்ளியும் அதையேதானே சொன்னது? குடாநாடு முழுக்க ஒன்றுசேர்ந்து என் பிள்ளை மெலிவு என்று சாட்சி சொல்வது போலிருந்தது.

"சனம் அப்பிடித்தான் சொல்லும். உமக்குத் தெரியாதே?" என்றார் இவர்.

"எல்லாரும் பொய்யுக்கே சொல்லுகினம்? ஒராள் எண்டாலும் உண்மையாய்ச் சொல்லியிருக்க மாட்டினமோ?"

 அவருக்கும் பயம், அவர் அதைக் கூரையில் ஏறி ஆணி அடித்துத் தீர்த்தார். நான் ஃபோனில் அலாரம் வைத்துத் தீர்த்தேன். இந்தப் பக்கம் பத்து நிமிடம், அந்தப் பக்கம் பத்து நிமிடம் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். மணி அடித்தவுடன் பிள்ளையை மாற்றுவேன், மறுபடி அடித்தவுடன் நிறுத்துவேன்.  சாப்பாட்டுப் பாசலில் பாதியை அப்படியே மடித்து எறிந்துவிடுவேன்.

எட்டாம் நாள் பருத்தித்துறை. இவருக்கு அன்றைக்கு ஒரு மேல்மாடி வீட்டுக் கூரையில் வேலை. அதற்கு எதிரேயுள்ள சின்ன ஒழுங்கைத் தெருவில் ஓர் அக்கா தன் வீட்டு முன்பக்கத்தைக் கடையாக்கி வைத்திருந்தார். மத்தியானம் சோறு, பின்னேரம் அப்பம். இருந்து சாப்பிட நான்கு பிளாஸ்ரிக் கதிரை, மற்றவர்கள் பாசல் கட்டிக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை வேலை செய்ய வாய் ஓயாமல் ஓடும். கணவர் கடலுக்குப் போகிறவர், விடிய வந்த மீன்தான் மத்தியானக் கறி.

அன்றைக்கு என்னவோ ஒரு வீம்பு. நண்டுக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் கேட்டேன். அக்கா அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"உமக்கு நான் நண்டு தந்தனெண்டு தெரிஞ்சால், நாளைக்கு இந்த ஒழுங்கையாலை ஒருத்தரும் என்ரை கடைக்கு வரமாட்டினம்."

பாசலுக்கு நின்ற ஒருவர், மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைக் கழற்றாமலே, அது உண்மைதான் என்று தலையாட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்னடி உது, காயப்போட்ட நெத்தலி."

"நெத்தலி இல்லையக்கா, கூனி இறால். நெத்தலிக்குத் தலையெண்டாலும் தெரியும்" என்றார் ஹெல்மெற்றுக்காரர்.

நான் அழத் தொடங்கினேன்.

சின்ன அழுகை இல்லை. எட்டு நாள் அழுகை, எட்டு நாளென்ன, அந்தத் தராசிலிருந்து தொடங்கிய அழுகை. தோள் குலுங்கியதில் மகளும் எழும்பிக் கத்தினாள். ஹெல்மெற்றுக்காரர் தான் என்ன செய்தேன் என்று தெரியாமல் அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றினார். கூனி என்றது பகிடிக்குத்தான் தங்கச்சி, என்ரை பிள்ளையை நான் பல்லி எண்டுதான் கூப்பிட்டனான் என்று என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் நான் அழுகையோடு அழுகையாகக் கொட்டினேன். நிறை ஏறாதது, பச்சைக்குக் கீழே விழுந்த புள்ளி, இன்னும் ஆறு நாளில் நிறுக்க வேண்டியது, மா கரைக்க வரும் என்றது, போகிற ஊரெல்லாம் பழிக்கிறது.

அக்கா மகளைக் கையில் வாங்கினார்.  மகளைக் கையில் வாங்கினார். சட்டையை உயர்த்தி, சந்தையில் மீன் பார்க்கிறவர் போல, அவசரமில்லாமல் ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். கழுத்தடி, கக்கம், தொடை, பாதம். பிறகு கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை தரம் நனைக்கிறாள்?

ஏழெட்டுத் தரம் என்றேன்.

"அப்ப பால் போகாமலே மூத்திரம் போகுது? உவள் என்ன ஊத்துக் கிணறோ?"

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஹெல்மெற்றுக்காரரைப் பார்த்து, நீங்கள் அங்காலை திரும்பி நில்லுங்கோ, காதையும் பொத்துங்கோ என்றார். அவர் சொன்னபடி ஒழுங்கைப் பக்கம் திரும்பி நின்றார். காதைப் பொத்தினாரோ தெரியாது.

"இஞ்சை பார் பிள்ளை. நான் பெத்தது மூண்டு, ஒண்டையும் நான் வாயாலை வடிவெண்டு சொன்னதில்லை. ஆற்றை பிள்ளையையும் சொன்னதில்லை. இப்ப சொல்லுறன், என்ரை நாவூறு பட்டால் அதுக்கு நான் பொறுப்பு. உன்ரை மகள் நல்ல வடிவான பிள்ளை. கழுத்திலை மடிப்பு விழத் தொடங்கிட்டுது, நீ துடைக்கேக்கை பாக்கேல்லையோ? தொடையிலை சதை வைக்குது. கண் ஆளைத் தேடுது. இவள் வளருறாள்."

அந்தச் சொற்களைச் சொல்வதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருக்கால் விழுங்கிக்கொண்டார். கூடாத சொல்லைச் சபையில் சொல்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் தேற்றியிருக்கிறார்கள். தனக்குப் பயமான ஒன்றைச் செய்து என்னைத் தேற்றிய ஆள் அந்த அக்கா ஒருவர்தான்.

சொல்லி முடித்த கையோடு ஓடினார். செத்தல் மிளகாயும் உப்பும் கைப்பிடிக்குள் வைத்து மகளுக்கும் எனக்கும் சேர்த்து மூன்று தரம் சுற்றினார். எங்களை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அதை அடுப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பார்கள். வெளியில் ஹெல்மெற்றுக்காரர் இருமுகிற சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நாவூறு ஒன்றும் இல்லையக்கா, தொண்டையைப் பிய்க்குது என்று இருமலுக்கு நடுவே அறிக்கை விட்டார்.

உள்ளறையில் பாய் போட்டிருந்தது. கதவைத் திறந்து வந்த அக்கா ஒரு சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்தார். புட்டும் பால்சுறா வறையும். பால் சுரக்க எங்கள் பக்கத்தில் கொடுக்கிற சாப்பாடு. விடிய வலையில் வந்த குட்டிச் சுறா ஒன்றை வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தாராம். மிளகும் உள்ளியும் தூக்கலாக, தேங்காய்ப்பூவோடு உதிரியாக இருந்தது. முதல் வாயிலேயே அம்மாவின் அடுப்படிக்குப் போய் வந்தேன். பிறகு பிள்ளையைப் போட்டுக் குடு என்றார். நான் வழக்கம்போல ஃபோனை எடுத்து அலாரம் வைக்க, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் என் ஃபோனை எடுத்துக்கொண்டு போய் அடுப்படித் தட்டில், கறித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"வயிறு நிறைஞ்சது அவளுக்குத் தெரியும். மணிக்கூட்டுக்குத் தெரியாது. தானாய் விடுமட்டும் எடுக்காதை."

அன்றைக்கு மகள் எவ்வளவு நேரம் குடித்தாள் என்று எனக்குத் தெரியாது. நடுவே நித்திரையானாள், எழும்பினாள், மறுபடி குடித்தாள். கடைசியில் தானாக வாயை எடுத்துக்கொண்டு தலையைப் பின்னால் போட்ட விதத்தைப் பார்த்தால், கலியாண வீட்டில் பந்தியில் இருந்து எழும்பிய ஆள் போல இருந்தாள். வேலை முடிந்து தேடி வந்த இவர், பாயில் கோப்பைக்குப் பக்கத்தில் நானும் நித்திரையாகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வானிலேயே காத்திருந்திருக்கிறார்.

மிச்ச ஆறு நாளில் நான்கு நாள் வேலை வேறு பக்கம். ஆனாலும் இவர் விடியப் பருத்தித்துறைக்குப் போய்ப் பாசல் எடுத்துக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. கிட்டடியில் இருக்கிற ஊரா அது? அக்கா ஒவ்வொரு நாளும் ஒன்று கட்டிவிடுவார். முருங்கையிலை வறை, திருக்கைச் சரக்குக் கறி, ஒருநாள் உள்ளி மட்டும் போட்ட குழம்பு. பாசலைப் பிரித்தால் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். ஃபோனில் அலாரத்தை நிற்பாட்டிவிட்டேன். கொக்குவில் ஐயாவின் கடையிலும் ஆறுதலாக இருந்து பால் கொடுத்தேன். அவர் மகளை இப்போது விளக்குமாறு என்றார். ஈர்க்கு ஒன்றிலிருந்து ஒரு கட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். என்றாலும் நிறுக்கும் நாள் கிட்டக் கிட்ட மகளின் கழுத்து மடிப்பைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அக்கா சொன்னது அன்பில் சொன்னதாகவும் இருக்கலாம். தராசுக்கு அன்பு தெரியாது.

கொக்குவிலில் கிளினிக் நடந்த மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் ஒன்பது தாய்மார். இவர் பிள்ளையின் புத்தகத்தை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தார். முறை வந்ததும் மகளின் சட்டையைக் கழற்றினேன். குடும்பநல மாது ஓர் இளம் பெண். தராசுத் தட்டில் ஒரு துணியை விரித்து, முள்ளைச் சரிபார்த்து, மகளைக் கிடத்தினார். குளிருக்கு மகள் கையைக் காலை விரித்து உதறினாள், முள் ஆடியது. அவள் அடங்கும் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் எழுதினார். பழைய புள்ளிக்கும் புதிய புள்ளிக்கும் இடையில் கோடு இழுத்தார். கோடு மேலே ஏறி, பச்சையின் கீழ்க்கரையைத் தொட்டு உள்ளே போனது. நடுவுக்குப் போகவில்லை. கரையோரமாகத்தான், ஆனால் உள்ளே.

"ஏறியிருக்கு அக்கா. மா ஒண்டும் வேண்டாம். குடுக்கிறதையே குடுங்கோ, அடுத்த மாசம் பாப்பம்" என்றுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவருக்கு அவ்வளவுதான். இன்னும் இருபது பிள்ளைகள் நிறுக்க இருந்தன.

வெளியே வந்தோம். இவர் வானைத் திறக்கவில்லை, புத்தகத்தை மறுபடி விரித்து அந்தக் கோட்டை வெயிலில் பார்த்தார். ரோட்டின் மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ் அடுக்கிய ஒரு சின்னக் கடை. எண்ணெய் மணம் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, எனக்குப் பசித்தது. ஒன்றரை மாதமாக மூன்று நேரமும் சாப்பிட்டிருக்கிறேன், பாலுக்குச் சாப்பிட்டிருக்கிறேன், பயத்துக்குச் சாப்பிட்டிருக்கிறேன். பசிக்குச் சாப்பிட்டதாக ஒரு நாளும் நினைவில்லை.

மகளை இவரிடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் இரண்டு றோல்ஸ் வாங்கினேன். மடியில் பிள்ளை இல்லாததால் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வானின் படியில் இருந்து கடித்தேன். நல்ல உறைப்பு, உள்ளே கிழங்கும் இறைச்சியும் ஆவி பறந்தது. பாதியில் கண்ணால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

"உறைக்குது" என்றேன்.

"ஓம், சரியான உறைப்புத்தான்" என்றார் இவர். அவருடைய றோல்ஸ் கடதாசியில் கடிபடாமல் கிடந்தது. ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.